அல்வின் லாக்கன், இரண்டு தடவை

மினியாபொலிஸ்
மார்ச் 9, 2024

கேலன்,

அம்மா போய்விட்டாள் என்று எனக்குச் சொன்னது ஒரு இயந்திரம். நான்கு வருடத்துக்கு முன்பு உன் இறுதிச் சடங்கு இல்லத்தின் இணையதளத்தை ஒழுங்கு செய்து கொடுத்தபோது, அதில் புதிதாக ஏறும் பக்கத்தைத் தேடுபொறி எடுத்துக்கொண்டதும் எனக்குத் தகவல் வரும்படி வைத்திருந்தேன். அதை நிறுத்த மறந்துவிட்டேன். ஒரு செருப்புக் கம்பெனிக்காரரோடு பேசிக்கொண்டிருக்கும்போது திரையின் ஓரத்தில் வந்து நின்றது: 'புதிய பக்கம்: ஆர்டிஸ் லாக்கன், 81.' செருப்புப் பேச்சை முடித்துவிட்டுத்தான் திறந்தேன். அதற்குள் பெத்தேல் சபையில் அவளுக்கான ஆராதனை முடிந்து, கீழ்த்தளத்தில் பன்றித்தொடை ரொட்டியும் காப்பியும் பரிமாறி, பாத்திரமும் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள்.

நீ தொலைபேசியை எடுக்கமாட்டாய். மின்னஞ்சல் போட்டால் திரும்பி வருகிறது. அதனால் தபால்தலை ஒட்டுகிறேன்.

நீ எழுதிய இறப்பு அறிவிப்பைப் படித்தேன். 'விட்டுச்சென்றவர்கள்: மகன் கேலன், மருமகள் டாம்ரா, பேத்தி ஜோரி, தங்கை வெர்லா, செல்ல நாய் டூட்ஸ்.' நாய் இருக்கிறது, நான் இல்லை. ஹெக்லண்டில் யார் செத்தாலும் ஊர் முதலில் படிக்கிற வரி அதுதான் என்று உனக்குத் தெரியும். சமையல்மேசையில் உட்கார்ந்து, "மூத்த பிள்ளை பேரைக் காணோமே, என்ன தகராறோ?" என்று ஆரம்பிப்பார்கள். இரண்டாம் மனைவி, ஓடிப்போன மகன், ஜெயிலில் இருக்கிற மருமகன் எல்லோருக்கும் குடும்பத்தோடு சமாதானம் பேசி அந்த வரியில் இடம் வாங்கிக் கொடுத்தவன் நீ. சொந்த அக்காவுக்கு இடம் கிடைக்கவில்லை.

அதற்கு அடுத்த வரி இன்னும் அழகு. 'முன்பே காலமானவர்கள்: டுவேன், அல்வின், அல்வின்.' டுவேன், அப்பா, சரி. அல்வின் தாத்தாவை ஏன் இரண்டு தடவை சாகடித்தாய்? யாரை வைத்து வேலை வாங்குகிறாயோ, அவனைத் துரத்திவிடு. ஒரே பெயரை இரண்டு தடவை அடிக்கத் தெரிகிறது, என் பெயரை ஒரு தடவை அடிக்க விரல் வரவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. உன் அறிவிப்பை அப்படியே எடுத்து, 'மகள் ரெனே' என்று இரண்டே சொல் சேர்த்து, என் தளத்தில் போட்டேன். அம்மா பெயரைத் தேடினால் அது வரவே இல்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். 'இது நகல். அசல்: லாக்கன் இறுதிச் சடங்கு இல்லம்' என்று ஒதுக்கிவைத்திருக்கிறது. ஒரே எழுத்து இரண்டு இடத்தில் கிடந்தால் தேடுபொறி ஒன்றைத்தான் காட்டும், மற்றதை மறைத்துவிடும். இதை உனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். பூ விற்கிற தளங்கள் உன் அறிவிப்புகளைத் திருடிப் போட்டு உன்னை முந்திக்கொண்டிருந்தபோது, "அக்கா, ஏதாவது பண்ணுக்கா, ஊர்ல ஒருத்தர் செத்தா ஜனங்க நம்மகிட்ட வராம பூக்கடைக்குப் போறாங்க" என்று புலம்பியது நீ. செய்தித்தாளும் சபையும் கல்லறைச் சங்கமும் உன் பக்கத்திலிருந்தே எழுத்தை எடுத்துக்கொள்ளும்படி செய்து, ஒவ்வொன்றுக்குள்ளும் 'அசல் லாக்கனிடம் இருக்கிறது' என்று ஒரு வரியை வைத்தது நான். இன்றைக்கு நீ எழுதியதுதான் நான்கு இடத்திலும் உண்மை. என் கையால் நானே கட்டிய வேலி.

என் பெயரைச் சேர். வேறொன்றும் கேட்கவில்லை. அடக்கம், பனியில் இறுகிய தரை இளகிய பிறகு என்று போட்டிருக்கிறாய், தேதியைக் காணோம். அதையும் போடு.

ரெனே

*

ஹெக்லண்ட், வடக்கு டகோட்டா
மார்ச் 15, 2024

ரெனே,

உன் கடிதம் கிடைத்தது. துக்கத்தில் இருப்பவர்களிடம் பொறுமையாகப் பேசுவது என் தொழில். அதனால் பொறுமையாகவே எழுதுகிறேன்.

உன் பெயரைச் சேர்க்கமாட்டேன்.

ஊர் கேட்கும் என்று எழுதியிருக்கிறாய். நூற்றுப்பத்துப் பேர் வந்தார்கள். நான் வாசலில் நின்று ஒவ்வொருவர் கையையும் பிடித்தேன். உன்னைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பாஸ்டர் மட்டும் அறிவிப்பைச் சரிபார்க்கும்போது, "பிள்ளைங்க வேற யாரும்...?" என்று இழுத்தார். "இல்லைங்க" என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனார். ஊரை விட்டுப் போன பத்தொன்பது வருடத்தில் நீ வந்துபோனது மூன்று தடவை, அதில் ஒரு தடவை காரை விட்டு இறங்கவில்லை. உன்னை நான் அழித்ததாக நினைத்துக்கொள்ளாதே. நீ ஏற்கெனவே மங்கியிருந்தாய், நான் துடைத்துவிட்டேன்.

அறிவிப்பில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை. அதை அடித்தது எவனும் இல்லை, நான்தான். இரண்டு தடவை வாசித்துப் பார்த்துத்தான் ஏற்றினேன்.

உன்னை விட்டதற்குக் காரணம் இருக்கிறது. கேட்டால் சொல்வேன். ஆனால் நீ கேட்கமாட்டாய். எனக்குத் தெரிந்து நீ இந்தக் குடும்பத்தில் யாரையும் எதையும் கேட்டதில்லை. உனக்குத் தெரிந்ததைச் சொல்வாய், போய்விடுவாய்.

ஒரே எழுத்து இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்றுதான் நிற்கும் என்று நீ சொல்லிக்கொடுத்தது நன்றாக நினைவிருக்கிறது. உன்னுடையது நிற்கவில்லை என்றால் நான் என்ன செய்ய? உன் ஆழ்ந்த இழப்புக்கு லாக்கன் இல்லத்தின் அனுதாபங்கள்.

கேலன்

*

மினியாபொலிஸ்
மார்ச் 22, 2024

அன்புள்ள தம்பி,

காரணத்தை நான் கேட்கப் போவதில்லை. கிறிஸ்துமஸுக்கு வரவில்லை, ஆஸ்பத்திரியில் கிடந்த அப்பாவைப் பார்க்க வரவில்லை, அதுதானே? அந்தப் பாட்டை அம்மா வாயால் கேட்டுச் சலித்துவிட்டது.

என் வேலையில் ஒரு வாடிக்கையாளர் வந்து, "எங்க பக்கம் ஏன் வரல?" என்று கேட்டால் நான் சொல்கிற முதல் பதில்: "நீங்க ஊர்ல எல்லாரும் எழுதினதையே எழுதியிருக்கீங்க. உங்ககிட்ட மட்டும் இருக்கறதை எழுதுங்க." இந்தப் புத்தியை நானே மறந்துவிட்டு உன் அறிவிப்பை நகலெடுத்தேன் பார், எனக்கு நன்றாக வேண்டும்.

அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன். வேறு எழுதினேன். திங்கட்கிழமை ஏற்றினேன், புதன்கிழமை அம்மா பெயரைத் தேடினால் முதலில் வருவது என்னுடையதுதான். உன் 'அன்பான மனைவி, பாசமுள்ள தாய், சபைச் சமையலறையின் தூண்' இரண்டாவதாக வருகிறது. தேடிப் பார்த்திருப்பாய். பார்க்கவில்லை என்றால் நானே சொல்கிறேன்.

சபை வெளியிட்ட சமையல் புத்தகத்தில் இருக்கிற, ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டில் செய்யும் பலகாரத்தின் குறிப்பில் அம்மா புளித்த கிரீமை வேண்டுமென்றே விட்டுவிட்டாள் என்று எழுதியிருக்கிறேன். முப்பது வருடமாக ஊர்ப் பெண்கள் அதைச் செய்து, காய்ந்துபோய், "ஆர்டிஸ், உன் கைப்பக்குவம் வராதும்மா எங்களுக்கு" என்று அவளிடமே வந்து நின்றார்கள். அவள், "அடுப்பு சரியில்லையோ என்னவோ" என்பாள்.

அப்பாவின் கடைசி இரண்டு குளிர்காலம் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை என்றும் எழுதியிருக்கிறேன். நாயிடம் பேசினாள். "டூட்ஸ், சாப்பாடு ஆயிடுச்சுன்னு அந்த ஆள்கிட்ட சொல்லு." அவரும் நாயிடமே பதில் சொல்வார். என்ன சண்டை என்று இருவருக்குமே நினைவில்லை.

நான் பெட்டியோடு நகரத்துக்குக் கிளம்பிய காலையில் அவள் அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னது, "போறவ வராந்தா விளக்கை அணைச்சுட்டுப் போ." அதையும் எழுதினேன். அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை என்பதுதான் கடைசி வரி. அதில் பொய் இருந்தால் காட்டு.

என்னிடம் மட்டும் இருந்த அம்மா இவள். இவளுக்கு நகல் கிடையாது. அதனால்தான் மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறாள்.

என் பெயரை உன் பக்கத்தில் போடு. போட்ட அன்றைக்கு இதை எடுத்துவிடுகிறேன். போடவில்லை என்றால், தானியக் கிடங்கில் வண்டி வரிசையில் காத்திருக்கிறவன்கூட கைப்பேசியில் இதைத்தான் படித்துக்கொண்டிருப்பான்.

உன் அக்கா
ரெனே

*

ஹெக்லண்ட்
மார்ச் 30, 2024

ரெனே,

படித்துவிட்டார்கள். ஒருத்தி விடாமல். வெர்லா சித்தி சபைக்கு வரவில்லை. இரண்டு பெண்கள் என்னிடம் வந்து, "அந்த கிரீம் எவ்வளவுன்னு எழுதியிருக்காளா?" என்று கேட்டார்கள். ஒருத்தி அழுதுகொண்டே கேட்டாள். உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

காரணம் வேண்டாம் என்றாய். வேண்டாவிட்டாலும் இப்போது சொல்கிறேன்.

அம்மாவின் அறிவிப்பில் அல்வின் இரண்டு தடவை வந்தது இரண்டு பேர் என்பதால்தான். முதல் அல்வின் தாத்தா. இரண்டாவது அல்வின் என் மகன். 2011 நவம்பர் 14. நாற்பது நிமிடம் உயிரோடு இருந்தான். அம்மா உனக்குப் போன் செய்தாள். நானும் அவள் பின்னாலேயே போய்ப் பக்கத்தில்தான் நின்றேன். "ஐயோ பாவம்மா, ஒரு மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்றாய். பெயர் வைத்தோமா என்றுகூடக் கேட்கவில்லை. அப்புறம் கூப்பிடவும் இல்லை.

அவனை நான்தான் கழுவினேன். நான்தான் உடுத்தினேன். ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? அவனுக்கும் ஒரு பக்கம் போட்டேன். மூன்று வரி. படம் இல்லை. ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் டாம்ரா காரை எடுத்துக்கொண்டு கிடங்கைத் தாண்டிப் போய் நிறுத்திவிட்டு, அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கல்லறைக்குப் போகமாட்டாள். "அது உன் வேலையிடம்" என்பாள். அவளுக்கு அந்தப் பக்கம்தான்.

2020 கோடையில் நீ என் தளத்தைச் சுத்தம் செய்தாய். நகல்களையெல்லாம் எடுத்துவிட்டேன், இப்போது பளிச்சென்று இருக்கிறது என்றாய். நவம்பரில் டாம்ரா அந்த முகவரியைத் தட்டினாள். தாத்தா வந்தார். வாயில் பைப்போடு, மீன்பிடிப் படகில் இருக்கிற அவர் படம். தப்பாக அடித்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி தட்டினாள். மறுபடி தாத்தா. இருட்டிய பிறகும் வரவில்லை என்று நான் தேடிக்கொண்டு போனேன். காரில் உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருந்தாள். "கேலன், அவன் எங்க? அவனை எங்க போட்டாங்க?" என்றாள்.

நான் மறுபடி ஏற்றிப் பார்த்தேன். எத்தனை தடவை ஏற்றினாலும் அந்த முகவரி தாத்தாவிடம்தான் கொண்டுபோய் விட்டது. நீ அப்படிப் பூட்டியிருந்தாய். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் "சரி பண்ணிடறேன்" என்பாய். இது குழாய்க் கசிவு இல்லை.

அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தபோது அம்மா சமையலறையில் இருந்தாள். டாம்ரா அதையே திரும்பச் சொன்னதைக் கேட்டாள். அதன் பிறகு உன் போனை அவள் எடுக்கவில்லை. கிறிஸ்துமஸுக்காக என்றா நினைத்தாய்?

ஆனால் அறிவிப்பில் உன்னை விட்டது அம்மா சொல்லி இல்லை. நானாகச் செய்தேன்.

கேலன்

*

மினியாபொலிஸ்
ஏப்ரல் 6, 2024

கேலன்,

பழைய கோப்புகளைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உன் தளத்தில் ஆயிரத்துக்கு மேல் பழைய அறிவிப்புகள் இருந்தன. அதில் பாதிப் பேர் இரண்டு தடவை செத்திருந்தார்கள். அப்பா ஒரு தடவை ஏற்றியிருந்தார், விடுமுறையில் வேலைக்கு வந்த பையன்கள் செய்தித்தாளைப் பார்த்து மறுபடி ஏற்றியிருந்தார்கள். ஒரே பெயர், ஒரே சபை, ஒரே கல்லறை, ஒரே எழுத்து. அதைக் கண்டுபிடித்து ஒன்றாக்குவதுதான் நீ எனக்குக் கொடுத்த வேலை. அல்வின் லாக்கனும் அப்படித்தான் வந்தார். பிறந்த தேதிக் கட்டத்திலும் இறந்த தேதிக் கட்டத்திலும் ஒரே நாள் இருந்தது. எவனோ ஏற்றிய தேதியை இரண்டு கட்டத்திலும் அடித்துவிட்டான் என்று நினைத்தேன். அப்படி ஒரு நாள் ஒருவனுக்கு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நீ என்னை நாய்க்குக் கீழே வைத்தவன். அதனால் மீதியையும் கேள்.

நான் தேதியைப் பார்த்து மட்டும் முடிவு செய்யவில்லை, எழுத்தையும் பார்த்தேன். இப்போதும் என் முன்னால் இருக்கிறது. 'பெத்தேல் சபையின் உறுப்பினர். கர்த்தருடைய கரங்களில் அமைதியாக இளைப்பாறினார். அவரை அறிந்த அனைவரும் அவரை இழந்து வருந்துவர்.' இது தாத்தாவின் அறிவிப்பு, கேலன். வார்த்தைக்கு வார்த்தை. மீன்பிடிப்பதையும் பேரப்பிள்ளைகளையும் மட்டும் வெட்டிவிட்டு, மீதியை உன் மகனுக்குப் போட்டிருக்கிறாய். அறிந்த அனைவரும்! யார் அறிந்தது அவனை? 'இளைப்பாறினார்' என்கிறாய். எந்தக் களைப்பு தீர?

பெற்ற பிள்ளைக்கு எழுதும்போதுகூட ஊருக்கெல்லாம் எழுதுகிற அச்சிலேயே வார்த்துவிட்டாய். இயந்திரம் அதைப் பார்த்து நகல் என்றது. நானும் நகல் என்றேன். அவனுக்கே சொந்தமான ஒரு வரி, ஒரே ஒரு வரி, நீ எழுதியிருந்தால் அந்தப் பக்கம் எனக்கு முன்னால் வந்தே இருக்காது. டாம்ரா தட்டியதும் திறந்திருக்கும். அவனை நான் அழித்தேன், சரி. அவனை எழுதாமலே விட்டது யார்?

பூட்டை எடுத்துவிட்டேன். அந்த முகவரி இனி தாத்தாவிடம் போகாது. இப்போது அது வெறும் வெள்ளைப் பக்கம். பழைய மூன்று வரியை நான் திருப்பிப் போடப் போவதில்லை, அது அவனுடையது இல்லை. எழுதி அனுப்பு, போடுகிறேன்.

அம்மாவைப் பற்றிய பக்கம் இன்னும் இருக்கிறது. என் பேச்சிலிருந்து நான் மாறவில்லை. என் பெயர் வேண்டும்.

பெயர் வைத்தீர்களா என்று நான் கேட்கவில்லை. அது உண்மைதான்.

ரெனே

*

ஹெக்லண்ட்
ஏப்ரல் 20, 2024

அக்கா,

பத்து நாள் உன் கடிதத்தை வண்டியிலேயே வைத்திருந்தேன். டாம்ராவிடம் காட்டவில்லை. முதலில் உன் வீட்டுக்கே வந்து கதவை உடைக்கலாம் என்று இருந்தது. அப்புறம் ஒரு நாள் தாத்தாவின் அறிவிப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீ சொன்னது சரி. வெட்டி ஒட்டியிருக்கிறேன். எனக்கு அது நினைவே இல்லை. அன்றைக்கு மாலை இன்னொரு குடும்பம் வேறு காத்துக்கொண்டிருந்தது.

அவனுக்கே சொந்தமான வரி கேட்டாய். இருக்கிறது.

அவன் தும்மினான். செவிலி அவனைத் துணியில் சுற்றி டாம்ரா மேல் வைத்தாள். எல்லோருக்கும் விஷயம் தெரியும், யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அப்போது ஒரு தும்மல். அவ்வளவு சின்ன உடம்புக்குள்ளிருந்து அவ்வளவு பெரிய தும்மல். டாம்ரா சிரித்துவிட்டாள். செவிலி சிரித்தாள். "காட் ப்ளெஸ் யூ, பெரிய மனுஷா" என்றேன், நானும் சிரித்தேன். ஒரு அரை நிமிடம் அந்த அறையில் சாதாரணமாகக் குழந்தை பிறந்த வீடு மாதிரி இருந்தது.

இறப்பு அறிவிப்பில் தும்மலைப் போட முடியாது என்று நினைத்தேன். போட்டால் ஊர் சிரிக்கும் என்று நினைத்தேன்.

இதை நீ எங்கேயும் ஏற்றக் கூடாது. அந்த வெள்ளைப் பக்கம் வெள்ளையாகவே இருக்கட்டும். உன் தளத்தில் இது வந்தால் சபைத் தளம் எடுக்கும், பூக்கடை எடுக்கும், கீழே லில்லி மலர் விளம்பரம் வரும். இத்தனை வருடம் இது டாம்ராவிடமும் என்னிடமும் மட்டும் இருந்தது. இப்போது உன்னிடமும் இருக்கிறது. வைத்துக்கொள். மீட்டிங்கில் இருக்கும்போது நினைவு வரட்டும்.

அப்புறம், உன் பெயர். எழுதிவிட்டேன். நேற்றே ஏற்றிவிட்டேன். போய்ப் பார்த்துக்கொள்.

கேலன்

*

மினியாபொலிஸ்
ஏப்ரல் 29, 2024

கேலன்,

பார்த்தேன்.

'முன்பே காலமானவர்கள்: டுவேன், அல்வின், அல்வின், ரெனே.'

முதலில் சரியான வரியில்தான் தேடினேன். டாம்ரா, ஜோரி, வெர்லா, நாய். அங்கே இல்லை. ஏமாற்றிவிட்டான் என்று நினைத்து மூடப்போகும்போதுதான் கீழ் வரியில் கண் பட்டது.

நல்ல வேலைக்காரன் நீ. நான் கட்டிய வேலி எவ்வளவு கெட்டி என்று நானே தெரிந்துகொண்டேன். அன்றைக்கு இரவுக்குள் செய்தித்தாள் எடுத்துக்கொண்டது, காலையில் சபை, அதற்குப் பிறகு கல்லறைச் சங்கம். நான்கு இடத்திலும் நான் செத்துவிட்டேன். என் பெயரைத் தேடினால் இப்போது முதலில் வருவது அதுதான். செருப்புக் கம்பெனிக்காரர் என் அலுவலகத்துக்குப் போன் செய்து, "ரெனேவுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டிருக்கிறார். நான்தான் எடுத்தேன். "ஒண்ணும் இல்லைங்க, குடும்ப விஷயம்" என்றேன். வெர்லா சித்தி அனுதாப அட்டை அனுப்பியிருக்கிறாள். என் முகவரிக்கு, என் பெயருக்கு. உள்ளே யாருக்கு எழுதுவது என்று தெரியாமல் கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறாள்.

உன் தளத்தின் கடவுச்சொல் இன்னும் என்னிடம் இருக்கிறது. நீ மாற்றவே இல்லை. உள்ளே போனேன். ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்குப் பெயரை நகர்த்த ஒரு நிமிடம்கூட ஆகாது. திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நகர்த்தவில்லை.

அந்த வரியில் என் பெயருக்குப் பக்கத்தில் இருப்பது சின்ன அல்வின். முதல் தடவை படித்தபோது அதைப் பிழை என்று கேலி செய்தேன். கல்லறையை விட்டால், இன்றைக்கு அந்த ஊரில் அவன் பெயர் எழுத்தில் இருக்கிற ஒரே இடம் அதுதான். அவனுக்கு அத்தை என்று ஒருத்தி இருந்தாள் என்பதற்கும் வேறு சாட்சி இல்லை. அங்கே என்னை வைத்தது கொல்வதற்குத்தான் என்று எனக்குத் தெரியும். ரொம்ப வலித்தது. உனக்குத் தெரியட்டும்.

அம்மாவைப் பற்றி எழுதியதை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் உன் அறிவிப்பை அப்படியே போட்டேன், ஒரு எழுத்து மாற்றவில்லை. அதற்குள்ளே, யார் கண்ணிலும் படாத இடத்தில், 'அசல் லாக்கனிடம் இருக்கிறது' என்ற வரியையும் நானே சேர்த்துவிட்டேன். இனி என்னுடையது நகல். யாருக்கும் காட்டாது.

நான் எதையும் கேட்டதில்லை என்றாய். இப்போது இரண்டு கேட்கிறேன்.

அவன் தும்மியபோது அம்மா அந்த அறையில் இருந்தாளா? அவளும் சிரித்தாளா?

அடக்கம் என்றைக்கு? கடைசி வரிசையில், கல்லறை வேலி ஓரமாக நிற்கிறேன். டாம்ரா என்னைப் பார்க்க வேண்டாம் என்றால் காரிலேயே இருக்கிறேன்.

ரெனே

*

ஹெக்லண்ட்
மே 8, 2024

ரெனே,

இருந்தாள். ஜன்னல் பக்கம் நின்றாள். எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய் உனக்குப் போன் செய்தாள்.

தரை இளகிவிட்டது. அடக்கம் நேற்று முடிந்தது. அம்மாவை அல்வினுக்குப் பக்கத்தில் வைத்தோம், சின்னவனுக்கு.

உன் பெயர் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

கேலன்